கீரைக்கு அடித்த மருந்து

— அண்ணே, கதவத் திறங்க! உள்ளதான் இருக்கீங்க, ரேடியோ சத்தம் கேக்குது!

— யாரும்மா அது? இப்படி இடிச்சா கதவு கையோட வந்துடும். அட, மூணாவது மாடி அம்மாவா? சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். தண்ணி வரலன்னா வாட்ச்மேன்கிட்ட சொல்லுங்க, நான் வெறும் தோட்டக்காரன்.

— தண்ணிக்கு வரலண்ணே. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடக்குறார். காலைல கீரை சாப்பிட்டார், பத்து மணிக்கெல்லாம் குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. நாடி விட்டு விட்டு அடிக்குதாம்.

— அடக் கடவுளே. என்ன கீரை?

— நம்ம காம்பவுண்டுல முளைக்கிற மஞ்சப்பூக் கீரைதான். டேண்டலியன்னு நீங்கதானே ஒரு நாள் பேரு சொன்னீங்க. போன வாரம் முதுகுல கேனக் கட்டிக்கிட்டு மருந்து அடிச்சீங்கல்ல? அது என்ன மருந்துன்னு டாக்டர் கேக்குறார். தெரிஞ்சாத்தான் அதுக்கு முறிவு குடுக்க முடியுமாம். அந்தக் கேனக் குடுங்க, நான் ஓடணும்.

— கேனா... காலிக் கேன எவன் வெச்சிருப்பான்? குப்பைக்குப் போயிருச்சும்மா.

— பேராவது சொல்லுங்க.

— பேரெல்லாம் யாரு பாத்தா? மேனேஜர் வாங்கிக் குடுப்பார், நான் அடிப்பேன். அதாவது... இதப் பாருங்கம்மா, கண்டதையும் பறிச்சுத் தின்னுட்டு இங்க வந்து நின்னா நான் என்ன பண்றது?

— திட்டுங்கண்ணே, அப்புறமா எவ்ளோ வேணா திட்டுங்க. ஆறு மாசம் படுக்கையில கெடந்து எழுந்த மனுஷன். எதக் கொண்டு போனாலும் தட்டத் தள்ளிடுவார். இந்தக் கசப்பு ஒண்ணுதான் நாக்குல ஏறுதுன்னு இதுக்காகவே ரெண்டு வாய் கூட சாப்பிடுவார். இன்னைக்குக் கசப்பு ஜாஸ்தின்னு முகத்தச் சுளிச்சார். ‘நல்லதுதான், கண்ண மூடிக்கிட்டு முழுங்குங்க’ன்னு நாந்தான் ஊட்டி விட்டேன். என் கையாலண்ணே!

— அழாதீங்கம்மா. மேனேஜரக் கேட்டுப் பாருங்களேன்.

— கேட்டேன். தோட்டக்காரனக் கேளுன்னு போன வெச்சுட்டார். ஒவ்வொரு நிமிஷமும் அவர் நாடி குறையுதுண்ணே... அதோ, அந்த மூலையில சாக்கப் போட்டு மூடி வெச்சிருக்கீங்களே, அது என்ன?

— அதத் தொடாதீங்க!

— மண்டை ஓடு படம் போட்டிருக்கு. இதுதானே களைக்கொல்லி? நாலு கேன். இது என்ன, ஒண்ணோட சீல் கூடப் பிரிக்கல? அப்ப நீங்க எதத்தான் அடிச்சீங்க? இதவிடக் கொடுமையா ஏதாவதா? சொல்லுங்கய்யா, உங்க காலப் புடிக்கிறேன்!

— ஐயோ, எந்திரிங்க. எந்திரிங்கன்னு சொல்றேன்ல. தண்ணி.

— தண்ணி வேணாம், பேரச் சொல்லுங்க.

— அதத்தாம்மா சொல்றேன். நான் அடிச்சது வெறும் குழாத் தண்ணி. மூணு மாசமா அதேதான். மேனேஜர் காதுல விழுந்தா இன்னைக்கே இந்த ரூமக் காலி பண்ணணும், எனக்கு வேற போக்கிடம் கிடையாது. இருந்தாலும் மனசு வரலம்மா. குளிர் விட்டதும் மொதல்ல தலையக் காட்டுறது அந்தப் பூதான். தேனீக்கெல்லாம் அப்ப வேற என்ன இருக்கு? இலைய நாம திங்கலாம், வேர வறுத்துப் பொடிச்சா காப்பி மாதிரி குடிக்கலாம். யாரும் தண்ணி ஊத்த வேணாம், ஒரு வேலையும் வெக்காது. அதப் போயி விஷம் வெச்சுக் கொல்லுன்னா எப்படி? இதோ என் டப்பாவப் பாருங்க. அதே கீரைதான். தினமும் திங்கறேன், கல்லு மாதிரி இருக்கேன்.

— சத்தியமாவா?

— என் கண்ணாணச் சத்தியமா.

— நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்! அப்ப விஷமே இல்ல. வெறும் வயித்துக் கோளாறுதான். பாவி மனுஷா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? என் உசுரு போயி வந்துச்சு. இப்பவே டாக்டருக்குப் போன் போடுறேன்.

— போடுங்க. என்னை மட்டும் மாட்டி விட்றாதீங்க தாயி. அது சரி, மருந்து அடிச்சிருக்கு, பறிக்காதேன்னு மேனேஜர் கண்ணுக்காகச் சிவப்பு போர்டு நட்டிருந்தேனே. அதப் பாத்துமா பறிச்சீங்க?

— எனக்கென்ன எழுத்துத் தெரியாதா? அதப் பாத்துத்தானே முன்பக்கம் எட்டிக்கூடப் பாக்கல! பின்சுவர் ஓரமாப் போயிப் பறிச்சேன். காத்துல மருந்து அங்கயும் பறந்து வந்துருச்சோன்னுதான் பதறிக்கிட்டு வந்தேன்.

— பின்சுவர் ஓரமாவா? பம்பு ரூம் பக்கத்துலயா?

— ஆமா. கொத்திவிட்ட மண்ணு, கொழுகொழுன்னு இலை. பூதான் இன்னும் வரல.

— கிள்ளுனப்போ நம்ம கீரை மாதிரி பால் வந்துச்சா? இலை ஓரம் பல்லுப் பல்லா இருந்துச்சா?

— அவசரத்துல அதையெல்லாம் எங்க பாத்தேன்? கொஞ்சம் சொணையா இருந்துச்சு, வெந்தா சரியாப் போயிடும்னு விட்டுட்டேன். ஏண்ணே, முகம் ஏன் இப்படி வெளுக்குது? மிச்ச இலை இந்தப் பையிலதான் இருக்கு, பாருங்க. அண்ணே?

— அவரு... கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னாரா?

— ஆமா! டாக்டர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டையே மஞ்சள்னார். அது உங்களுக்கு எப்படி...

— பையக் கீழ வெக்காதீங்க, அப்படியே எடுத்துக்கிட்டு ஓடுங்க. இந்த இலை விஷம், கண்ணுக்கு மஞ்சளாக் காட்டி நெஞ்சத்தான் புடிக்கும்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, நர்சரிக்காரன் என்கிட்ட அப்படித்தான் சொல்லிக் குடுத்தான். இது தானா முளைச்ச களையில்லம்மா, அழகா இருக்கும்னு போன மாசம் நானே பாத்தி கட்டி நட்ட பூச்செடி.