தேரை சொன்ன சாட்சி

இந்த அவையை அன்போடு ஆண்டுகொண்டிருக்கும் தலைவர் பெரில் ஹாலரன் அம்மையார் அவர்களே! டவுன்ஸ்வில் நகரின் தகிக்கும் வெயிலைத் தாண்டி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கணவனுக்காகவும் மகனுக்காகவும் கவலையைச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! புகைப்பழக்கத்தை விட்டவர்களே, விடப் போகிறவர்களே, விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள் ஐயா, உங்களுக்காகத்தான் வந்திருக்கிறேன்!

தசை எப்படிச் சுருங்குகிறது என்று ஆராய்வது என் தொழில். அதற்கு எங்களுக்கு உதவுவது கரும்புத் தேரை. ஆம், உங்கள் தோட்டத்தில் நீங்கள் திட்டித் துரத்தும் அதே தேரைதான்! அதன் வயிற்றுத் தசையை நூலில் கட்டி உப்புநீரில் தொங்கவிடுவோம். மருந்தை விட்டால் தசை இழுக்கும், திரையில் கோடு எழும்பும். அந்த நூலைக் கட்டுவதில் எங்கள் ஆய்வக உதவியாளர் டெஸ்மண்ட் மன்னன். கையுறை போட்டால் முடிச்சு வராது என்று வெறுங்கையால்தான் கட்டுவார்.

அந்த டெஸ்மண்டின் கால் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. "புகையை விட்டால்தான் கத்தி வைப்பேன், விடாவிட்டால் காலை மறந்துவிடு" என்றார் மருத்துவர். விட்டுவிட்டேன் என்றார் டெஸ்மண்ட். மனைவி கோரல் நம்பினார், மருத்துவர் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

நம்பாதது யார்? தேரை!

மருந்தே விடவில்லை, கோடு எழும்பியது. உப்புநீரை மாற்றினோம், எழும்பியது. கண்ணாடிக் கிண்ணத்தை மாற்றினோம், எழும்பியது. தேரையையே மாற்றினோம், அப்போதும் எழும்பியது! கடைசியில் எங்கள் தலைவி ராஸ்லின் தானே ஒரு முடிச்சுப் போட்டார். கோடு படுத்துக் கிடந்தது. அவிழ்த்து டெஸ்மண்டைக் கட்டச் சொன்னார். கோடு எழுந்து நின்றது.

"டெஸ், கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுய்யா."

விரல் நுனியில் புகையிலை மணம். கையால் சுருட்டிக் குடிக்கிறவர் அவர். விரலில் ஒட்டிய துளி நிக்கோடின் உப்புநீரில் கரைந்து தசையை இழுத்திருக்கிறது.

அவரை அழைத்துப்போக வந்த கோரல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"எங்கிட்டப் பொய் சொன்னே. டாக்டர்கிட்டப் பொய் சொன்னே. தேரைகிட்ட மட்டும் உன் பருப்பு வேகலையா?"

"பொய் சொல்லணும்னு நெனைக்கல கோரல். காலைல முழிச்சதும் கை தானா போயிடுது."

"கைமேல பழியப் போடாதே! கால் போகப் போகுதுய்யா!"

பெரியோர்களே, கோரலின் கோபம் நியாயம். ஆனால் டெஸ்மண்ட் சொன்னதும் உண்மை! எப்படி? தசையின் மேல் நுண்ணிய கதவுகள் உண்டு. நரம்பு அனுப்பும் தூது வந்து தட்டினால் அவை திறக்கும், தசை இழுக்கும். நிக்கோடின் அந்தத் தூதின் வேடம் போட்டு வந்து தட்டுகிறது. தட்டிக்கொண்டே இருந்தால்? கதவு மரத்துப்போகிறது. அப்புறம் உண்மையான தூதே வந்தாலும் திறக்காது! மூளையிலும் இதே குடும்பத்துக் கதவுகள்தாம். பழையவை மரத்துப்போனதும் மூளை புதிதாய் இன்னும் பல கதவுகளைக் கட்டிக்கொள்கிறது. இரவெல்லாம் புகை இல்லை, மரத்தவை விழிக்கின்றன. விடிந்ததும் அத்தனை கதவும் ஒன்றாய்க் கத்துகின்றன, கொடு கொடு என்று! அந்தக் கூச்சலில் கை தானாகப் போகாமல் என்ன செய்யும்?

மரத்துப்போன தசையை நாங்கள் அடிக்கிறோமா? மானம் இல்லையா என்று கேட்கிறோமா? ராஸ்லின் அன்று கிண்ணத்து நீரை வடித்தார், புது நீர் ஊற்றினார், காத்திருந்தார், மறுபடி வடித்தார். பிறகு கோரலைப் பார்த்தார்.

"இந்தத் தசை இப்போ சொன்னாக் கேக்காதும்மா. கழுவிட்டு காத்திருக்கணும். மண்டைக்குள்ள இருக்கறதுக்கு வாரக்கணக்காகும்."

"அதுவரைக்கும் கால் காத்திருக்குமா?"

"தெரியலம்மா."

மறுநாள் கணவனை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லவைத்தார் கோரல். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. இடையில் டெஸ்மண்ட் ஒருமுறை வழுக்கினார். இந்த முறை அவரே வந்து சொன்னார், "கோரல், நேத்து ஒண்ணு குடிச்சுட்டேன்." கோரல் கத்தவில்லை. "சரி. இன்னிக்கு மறுபடி ஆரம்பி" என்றார். தாய்மார்களே, அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

தாமதத்துக்கு விலை இருந்தது. இரண்டு கால்விரல்கள் போயின. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அறுவை சிகிச்சை நடந்தது, கால் பிழைத்தது. கைத்தடியோடு டெஸ்மண்ட் மீண்டும் வேலைக்கு வந்த அன்று கோரலும் கூட வந்தார். டெஸ்மண்ட் வெறுங்கையால் முடிச்சுப் போட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். கோடு நேராக ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

கோரல் பதறிப்போனார். "என்ன டெஸ், ஒண்ணுமே வரலையே?"

டெஸ்மண்ட் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"ஆமா கோரல். ஒண்ணுமே வரல."

செவி தந்த சபைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் இல்லங்களிலும் அந்தக் கோடு நேராக ஓடட்டும். வணக்கம்!