மாமா போட்ட தோள்

— நாலு தடவையா, அஞ்சு தடவையா? சரியாச் சொல்லுங்க தம்பி. உங்க தோள் எத்தனை தடவை கழண்டுச்சுன்னு நீங்க சொல்றதும் ஸ்கேன் சொல்றதும் ஒத்துப் போகல.

— அஞ்சு இருக்கும் டாக்டர். எண்ணி வச்சுக்கல.

— பதினாலு.

— மாமா, சும்மா இருங்க.

— பதினாலு தடவை டாக்டரம்மா. மைதானத்துல ஒன்பது, டிரஸ்ஸிங் ரூம்ல நாலு, டீம் பஸ்ல ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போட்டது நான்தான். அதான் கணக்குச் சுத்தமா இருக்கு.

— நீங்க இவருக்கு என்ன வேணும் ஐயா?

— பொண்ணு குடுத்தவன். இவன் ஆடற கிளப்புலயே ஆட்டக்காரங்களுக்கு உடம்பு பிடிச்சு விடறவன். முப்பது வருஷமா அதான் பொழப்பு. படிப்பு கிடையாது, முதல்லயே சொல்லிடறேன். பெரிய வார்த்தை போட்டீங்கன்னா எனக்கு ஏறாது.

— பதினாலு தடவை போட்டிருக்கீங்க. ஒரு தடவை கூட ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லலையா?

— சொன்னேனா சொல்லலையான்னு அவனையே கேளுங்க.

— விடுங்க மாமா. டாக்டர், நடந்ததை விடுங்க. இப்ப என்ன பண்ணலாம்? நான் கோல்கீப்பர். அஞ்சு வாரத்துல அரையிறுதி இருக்கு.

— சொல்றேன். அந்த பிளாஸ்டிக் தோளைக் கொஞ்சம் குடுங்க ஐயா. கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருக்கீங்க.

— இது என்னம்மா இவ்வளவு லேசா வருது. நிஜத்துல ஒருத்தனும் இப்படிக் குடுக்க மாட்டான். கத்துவான்.

— தம்பி, இந்தக் குழியைப் பாருங்க. ஆழமே இல்ல. சின்னத் தட்டு மேல பெரிய பந்தை வச்ச மாதிரி. பந்து உருண்டுடாம இருக்கத்தான் தட்டைச் சுத்தி ரப்பர் மாதிரி ஒரு விளிம்பு. முதல் தடவை கழண்டப்பவே உங்களுக்கு முன்பக்கம் அந்த விளிம்பு கிழிஞ்சிருக்கு. அப்பவே வந்திருந்தா மூணு சின்ன ஓட்டை போட்டு, ஒரு கேமராவை விட்டுப் பார்த்து, கிழிஞ்சதை எலும்போட சேர்த்துத் தைச்சிருப்போம். ஆறு மாசத்துல மைதானத்துல நின்னிருப்பீங்க.

— இப்ப தைக்க முடியாதா டாக்டர்?

— தைக்கலாம். நிக்காது. ஒவ்வொரு தடவையும் பந்து வெளிய போறப்ப தட்டோட ஓரத்தைத் தேய்ச்சுட்டே போயிருக்கு. முன்பக்கம் கிட்டத்தட்ட கால்வாசி எலும்பைக் காணோம். பந்துலயும் பின்னால ஒரு பள்ளம் விழுந்திருக்கு. ஓரமே இல்லாத தட்டுல எதைக் கொண்டு போய் எங்க தைக்கறது?

— அப்ப வேற வழி?

— எலும்பு வைக்கறது. தோளுக்கு முன்னால, இதோ இங்க, கொக்கி மாதிரி ஒரு எலும்பு இருக்கு. அதை ஒட்டியிருக்கற தசைநாரோட வெட்டி எடுத்து, தேஞ்ச இடத்துல வச்சு, ரெண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கறது. ஓட்டை பத்தாது, கீறித்தான் ஆகணும். கையை வெளிப்பக்கமாத் திருப்பறது கொஞ்சம் குறையலாம். ஆனா உங்க தோள் இருக்கற நிலைமைக்கு இதுதான் தாங்கும். இதைப் பண்ணிட்டுத் திரும்ப ஆடினவங்க நிறையப் பேர். எல்லாரும் ஆடினாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

— கத்தியே வேணாம்னா? பயிற்சி பண்ணி, பட்டையை இறுக்கிப் போட்டு...

— போட்டு ஓட்டலாம். பக்கவாட்டுல ஒரே ஒரு பாய்ச்சல் போதும், மறுபடி கழண்டுடும். இன்னும் கொஞ்சம் எலும்பு போகும். அப்புறம் நான் வைக்கற எலும்பும் உட்காராது. சரி, நான் வார்டுல ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடறேன், கால் மணி நேரம். மூணு வழியும் இந்தத் தாள்ல இருக்கு. எதுன்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டு வைங்க. மனசு ஒப்பலைன்னா போட வேணாம், வந்து பேசலாம். ஐயா, தோளை மேசை மேல வச்சுடுங்க.

— வச்சுட்டேம்மா. போயிட்டு வாங்க.

— கதவு சாத்தியாச்சு. இப்பச் சொல்லுங்க மாமா, பதினாலுன்னு யாரு உங்களைச் சொல்லச் சொன்னது?

— ஸ்கேன் என்ன நான் பெத்த பொண்ணா, நீ அதட்டினா வாயை மூடிக்க?

— உங்க பொண்ணை நான் அதட்டினதே இல்ல.

— தெரியும், அவதான் உன்னை அதட்டுவா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எலும்பு வைக்கறதுல டிக்கைப் போடு.

— வீட்ல வாங்க மாப்ளே, உட்காருங்க மாப்ளே. வெளிய வந்தா போடு, வை.

— வீட்லதான் நீ மாப்பிள்ளை. மத்த இடத்துல எனக்கு நீ ஒரு தோள். டிக்கைப் போடு.

— உலகத்துல எந்த டாக்டரையும் நீங்க நம்பினதில்ல. பல்லு வலின்னா ஒரு மாசம் கிராம்பை வச்சே ஓட்டுவீங்க. இன்னைக்கு அந்தம்மா சொன்னதுக்கெல்லாம் தலையை ஆட்டறீங்க. என்ன விஷயம்?

— அந்தம்மாவை யாரு நம்பினா? என் கையை நம்பறேன். முதல் தடவை போட்டப்ப உன் தோள் டக்குனு உள்ள போச்சு, பூட்டு விழற மாதிரி. போன மாசம் போட்டப்ப சத்தமே இல்ல. வழுக்கிட்டுப் போச்சு. வழுக்கிட்டு உள்ள போறது வழுக்கிட்டுத்தான் வெளிய வரும். இதைச் சொல்ல ஸ்கேன் எதுக்கு?

— எலும்பு வச்சா ஆறு மாசம் நான் வெளிய.

— ஆமா.

— அந்த ஆறு மாசம் கோல்ல யாரு நிப்பா? சொல்லுங்க மாமா. ஏன் தரையைப் பார்க்கறீங்க?

— உன் மச்சான் நிப்பான்.

— உங்க பிள்ளை.

— ரெண்டும் ஒருத்தன்தான். ஆறு வருஷமா கையுறையை மாட்டிட்டு, உன் தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருக்கானே, அவன்தான். இவன் ஜெர்சியைத் துவைக்கறதா வேணாமான்னு அவன் அம்மா கேப்பா. அழுக்கே இருக்காது.

— அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வேணும்னா விலகி நிக்கட்டுமா?

— உன்னை யாரும் விலகச் சொல்லல.

— சொன்னீங்களே. ரெண்டு வருஷத்துக்கு முன்னால, முதல் தடவை போட்டு முடிச்சதும் என்ன சொன்னீங்க?

— உள்ள என்னமோ கிழிஞ்சிருக்கு, போய்த் தைச்சுக்கோன்னு சொன்னேன். இன்னைக்கு அந்தம்மா சொன்னதும் அதேதான். அவங்க படத்துல பார்த்துச் சொன்னாங்க, நான் தொட்டுப் பார்த்துச் சொன்னேன்.

— அதுக்கு நான் என்ன சொன்னேன்?

— அதை என் வாயால வேற கேக்கணுமா உனக்கு?

— கேக்கணும் மாமா.

— "பெத்த பிள்ளைக்கு இடம் பிடிச்சுக் குடுக்கறீங்களா"ன்னு கேட்டே. டிரஸ்ஸிங் ரூம்ல எட்டுப் பேர் இருந்தாங்க. ஷூவுக்கு முடிச்சுப் போட்டுட்டு இருந்தவன் கூட நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்தான். அவனும் இருந்தான், உன் மச்சான். எழுந்து வெளிய போயிட்டான்.

— அதுக்கப்புறம் நீங்க வாயே திறக்கல.

— எதுக்குத் திறக்கணும்? நீ கையைப் பிடிச்சுட்டு வருவே. நான் குதிகாலை உன் அக்குள்ல முட்டுக் குடுத்து இழுத்துப் போடுவேன். நீ போயிடுவே, நான் கையைக் கழுவிப்பேன். சொன்ன வேலையைச் செய்யறவனுக்கு வாய் எதுக்கு?

— பதிமூணு தடவை மாமா. அதுல ஒரு தடவை சட்டையைப் பிடிச்சு, போடான்னு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கலாம்ல?

— இழுத்திருந்தா வந்திருப்பியா?

— வந்திருக்க மாட்டேன்.

— பின்ன? தும்பை விட்டுட்டு இப்ப வாலைப் பிடிச்சுட்டு நிக்கறோம். வாலாவது மிஞ்சட்டும். டிக்கைப் போடு, அந்தம்மா வந்துடும்.

— மாமா, பதினாலு இல்ல. பதினஞ்சு.

— எப்ப? நான் போடலையே.

— போன வியாழக்கிழமை. வீட்ல. பாப்பாவைக் கட்டில்லேருந்து தூக்கினேன். அவ்வளவுதான். பந்து இல்ல, பாய்ச்சல் இல்ல. பாப்பாவைத் தூக்கினேன், கழண்டுடுச்சு.

— குழந்தை?

— ஒண்ணும் ஆகல. வலது கை செத்துப் போச்சு, பாப்பா அப்படியே சரிஞ்சுது. முட்டி போட்டு மடியில வாங்கிட்டேன். எத்தனையோ பந்து பிடிச்சிருக்கேன் மாமா. அன்னைக்குப் பிடிச்ச மாதிரி எதையும் பிடிச்சதில்ல.

— என் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லலையே.

— அவ கடைக்குப் போயிருந்தா. அவளுக்குத் தெரியாது. இன்னும் சொல்லல.

— பின்ன யாரு போட்டா?

— மச்சான். பாப்பாவைப் பார்க்க வந்திருந்தான். சமையல் ரூம்லேருந்து ஓடி வந்தான். முதல்ல பாப்பாவைத் தூக்கிப் பாயில விட்டான். அப்புறம் என்னைத் தரையில படுக்க வச்சு, குதிகாலை வச்சு, உங்களை மாதிரியே. "மூச்சை விடுங்க அத்தான்"னு மட்டும் சொன்னான்.

— அவனுக்கு நான் இதெல்லாம் கத்துக் குடுத்ததில்ல.

— ஆறு வருஷம் பெஞ்சுல உட்கார்ந்து வேற எதைப் பார்த்திருப்பான்? போட்டு முடிச்சுட்டு, பாப்பாவைத் தூக்கி என் இடது கையில குடுத்துட்டுப் போயிட்டான். மறுநாள் கோச்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். சனிக்கிழமை ஆட்டத்துல அவன் நின்னிருப்பான். சொல்லல மாமா. வழக்கம் போல என் பாட்டிலைத் தூக்கிட்டு வந்தான். "பட்டை இறுக்கமா இருக்கா அத்தான்"னு கேட்டான். போய் உட்கார்ந்தான்.

— அவன் அவங்கம்மா ஜாடை. பிழைக்கத் தெரியாதவன்.

— உங்க ஜாடை மாமா. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. இப்படி ஒருத்தனைப் பெத்து வளர்த்த மனுஷனையா எட்டுப் பேருக்கு முன்னால அப்படிக் கேட்டோம்னு. நீங்க என் நல்லதுக்குச் சொன்னீங்க. எனக்குத்தான் புத்தி வேற பக்கம் போச்சு.

— விடு. பழசைக் கிளறாத.

— விட மாட்டேன். ரெண்டு வருஷமா உங்க வீட்டுக்கு வரப்பல்லாம் உங்க எதிர்லதான் உட்கார்ந்து சாப்பிடறேன். ஒரு நாளும் நிமிர்ந்து உங்க மூஞ்சியைப் பார்த்துச் சாப்பிட்டதில்ல. மன்னிச்சிடுங்க மாமா.

— கையெடுத்துக் கும்பிடாத. அந்தக் கையைத் தூக்காதேன்னா.

— அரையிறுதி வரைக்கும் பட்டை போட்டு ஓட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் இங்க வந்தேன். உங்ககிட்ட கூடச் சொல்லல. இப்ப நீங்க சொல்றதுல டிக் போடறேன். அந்தம்மாவுக்காக இல்ல, ஸ்கேனுக்காகவும் இல்ல. நீங்க சொல்றீங்கன்னுதான். பேனா எங்க?

— டாக்டரம்மா வரட்டும் மாப்ளே. அவங்ககிட்ட இன்னொரு தடவை கேட்டுக்கோ.

— எதுக்கு? எனக்கு நல்லது நினைக்க உங்களை விட்டா யாரு இருக்கா? எலும்பு வைக்கறது, ரெண்டாவது கட்டம், இதானே? போட்டாச்சு. கீழ கையெழுத்து ஒண்ணுதான்.

— மாப்ளே, கேளுங்க.

— என்ன மாமா, இங்கயே மரியாதை வந்துடுச்சு? தாளை விடுங்க, கசங்குது.

— பேனாவைக் கீழ வைங்க. அன்னைக்கு எட்டுப் பேர் முன்னால நீங்க கேட்டதுல ஒரு எழுத்துத் தப்பில்ல. நீங்க ஆறு மாசம் படுத்தா என் பிள்ளை நிப்பான்னுதான் தைக்கச் சொன்னேன். நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க, அந்த வெட்கத்துலதான் பதிமூணு தடவையும் வாயைத் திறக்கல.