அந்த ஊர் சாஃப்ட்வேர்

— கேளுங்க தங்கச்சி, அப்புறம் என் மேல பாயக் கூடாது. இந்த டேப்லெட்டுல இருக்கிற அந்த ஊர் சாஃப்ட்வேரை எடுத்துட்டு நம்ம ஊருதை ஏத்தினா, உள்ள இருக்கிற எல்லாம் அழிஞ்சு போயிடும். பாப்பா வரைஞ்ச படம், விளையாட்டு, ஒண்ணும் மிஞ்சாது.

— போனா போகட்டும்ணே. படம் திரும்ப வரைஞ்சுக்குவா. கையா வலிக்குது அவளுக்கு?

— இன்னொண்ணும் கேளுங்க. இது விலை கம்மி டேப். ஏத்தும்போது பாதியில நின்னுச்சுன்னா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் காய் நறுக்கத்தான் ஆகும்.

— நிக்காம பாத்துக்கங்கண்ணே. தையல் கடையில அரை நாள் லீவு கேட்டு வந்திருக்கேன். எங்க முதலாளியம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுதான் அனுப்புனாங்க.

— அப்படி என்ன தலைபோற அவசரம்? நல்லாத்தானே ஓடுது. ஆன் பண்ணா அந்த ஊர் எழுத்து பூச்சி பூச்சியா வருது, அவ்வளவுதான்.

— வீடியோ கால் வராதே! அதுக்காகத்தானே இந்தப் பாடு. வீட்டுக்காரரு வெளிநாடு போய் மூணு வருஷமாகப் போகுது. என்கிட்ட இருக்கிறது பட்டன் போன். அதுல குரல் மட்டும்தான். பாப்பா தினம் அழுதா, "அப்பா, டேப் அனுப்புப்பா, உன் மூஞ்சியைப் பாக்கணும்"னு. சரின்னு, ஊருக்கு வந்த ஒருத்தர் கையில குடுத்தனுப்புனாரு. பிரிச்சுப் பாத்தா இதுல அந்த வசதியே இல்லை. அந்த ஊர்ல விக்கிறது எல்லாமே இப்படித்தானாம், அடைச்சு வெச்சிருவாங்களாம்.

— அது நிஜம்தான். சில ஊர்ல அப்படித்தான். அதுக்குத்தான் வாரத்துக்கு ரெண்டு மூணு பேரு இப்படித் தூக்கிட்டு வர்றாங்க. சாஃப்ட்வேரை மாத்திட்டா பேசலாம், பயப்படாதீங்க.

— பேசிடலாம்ல? அப்பா மூஞ்சி தெரியும்ல?

— பளிச்சுன்னு தெரியும். உட்காருங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. ஒரு கால் ஆடும், பாத்துக்கங்க.

— என்னத்தச் சொல்லண்ணே. போறப்ப அவளுக்கு நாலு வயசு. மூஞ்சி மறந்துக்கிட்டே வருது. போன மாசம் பஸ் ஸ்டாண்டுல யாரோ ஒருத்தர் எதிர்ப்பக்கம் நடந்து போறாரு. "அப்பா, அப்பா"ன்னு கத்திக்கிட்டு என் கையை உதறிட்டு ரோட்டுல இறங்கிட்டா. லாரி ஒண்ணு பிரேக் போட்டு நின்னுச்சு. எனக்கு வந்த கோவத்துல அங்கயே வெச்சு ஓங்கி ஒரு அறை.

— அடப்பாவமே. குழந்தை என்ன பண்ணும்.

— ராத்திரி பூரா தூங்காம அவ கன்னத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணேன், எப்படியாவது மூஞ்சியைக் காட்டிடணும்னு. அவருகிட்ட கூடச் சொல்லலை. அடுத்த தடவை அவரு கூப்பிட்டதும், வீடியோவுல வாங்கன்னு திடுதிப்புன்னு சொல்லப் போறோம்!

— நல்லா பண்ணீங்க. சரி, சார்ஜ் இருக்கு. பின்னாடி மூடியைக் கழட்டணும். இந்த மாடலுக்கு உள்ள ஒரு இடத்துல தொட்டுப் பிடிச்சாத்தான் கம்ப்யூட்டர் இதைக் கண்டுக்கும். இதுக்கு முன்னாடி யாராவது கழட்டினாங்களா?

— ஐயோ, யாரும் கை வைக்கலை. வந்தது வந்தபடியேதான் இருக்கு.

— அப்படியா… மூடி ரொம்ப லேசா வருதே.

— என்னண்ணே?

— ஒண்ணுமில்லை. கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

— உள்ள அந்த ஸ்க்ரூ மேல சிவப்பா ஏதோ ஒட்டியிருக்கு பாருங்க. கம்பெனிக்காரங்க வைக்கிற அடையாளமா?

— ம்.

— நெயில் பாலிஷ் மாதிரி இருக்கு.

— நெயில் பாலிஷ்தான்.

— கம்பெனியில நெயில் பாலிஷா வைக்கிறாங்க? வேடிக்கைதான் போங்க.

— தங்கச்சி, இதைக் கொண்டாந்து குடுத்தவரு யாரு? நம்பிக்கையான ஆளா?

— வீட்டுக்காரரோட ஒரே அறையில இருக்கிறவராம். தெரு முனையில நின்னு வாங்கிக்கச் சொன்னாரு, அவசரமா போயிட்டாரு. ஏன் கேக்கறீங்க? போலியா?

— போலி இல்லை. ஆனா அந்த ஊர்ல வித்தது இல்லை. பின்னாடி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டியிருக்காங்க. போர்டு நம்பர் நம்ம ஊருக்குன்னு செஞ்சது. நம்ம ஊர் கடையில வாங்கி, அதுக்கு அப்புறம் அந்த ஊர் சாஃப்ட்வேரை ஏத்தியிருக்கு.

— அதெப்படி? எல்லாரும் அந்த ஊருதை நம்ம ஊருக்குத்தானே மாத்துவாங்க? இதை யாரு தலைகீழா மாத்தப் போறா?

— அதான்.

— அப்போ கொண்டு வந்தவன் நல்லதை வெச்சுக்கிட்டு இதைக் குடுத்துட்டானா? திருட்டுப் பய! இருங்க, அவரு கூப்பிடட்டும், சொல்றேன்.

— இருக்கலாம். அப்படித்தான் இருக்கும். விடுங்க, நான் மாத்திக் குடுத்திடறேன், எடுத்துட்டுப் போங்க.

— அண்ணே, ஏன் அந்த ஸ்க்ரூவையே தடவிக்கிட்டு இருக்கீங்க?

— தூசி இருந்துச்சு, அதான்.

— அண்ணே, நான் தையல்காரி. நான் தைச்ச ஜாக்கெட்டு எங்க கிடந்தாலும், உள்மடிப்பைப் பாத்தே என்னுதுன்னு சொல்லிடுவேன். நீங்க இதைப் பாக்கற பார்வை அந்த மாதிரி இருக்கு. அந்தச் சிவப்பு யாரு வெச்சது?

— நான்தான் வெச்சேன். நான் கழட்டுன செட்டுல எல்லாம் வைப்பேன். வேற எவனாவது கழட்டிக் கெடுத்துட்டு என் மேல பழி போடக் கூடாதுன்னு ஒரு பழக்கம்.

— இந்தக் கடையிலயா? இங்கயா ஏத்துனீங்க?

— இதே மேசையிலதான். இந்தக் கடையில அப்படிக் கேட்டு வந்த ஒரே ஆளு அவரு. அதனால மறக்கலை. "எம் பொண்ணு கெட்டிக்காரி, ஆன் பண்ண உடனே அந்த ஊர் எழுத்து வரணும்"னாரு. வீடியோ கால் வேலை செய்யக் கூடாதுன்னு திருப்பித் திருப்பிச் சொன்னாரு. நானும் ஏதோ வீட்டு விளையாட்டுன்னு நெனைச்சேன் தங்கச்சி, சத்தியமா.

— இருங்க. பர்ஸுல ஒரு போட்டோ இருக்கு. இவரா?

— உள்ள வைங்கம்மா.

— இவரான்னு கேக்கறேன்!

— தண்ணி குடிங்க முதல்ல. அந்தப் பாட்டிலை எடுங்க.

— அப்போ… அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல… அவ சரியாத்தான் சொன்னாளா? அண்ணே, அவ சரியாத்தான் சொல்லியிருக்கா! அவளைப் போய் அடிச்சேனே, பாவி!

— அழாதீங்க. வெளிய ஆளுங்க பாக்கறாங்க.

— பாக்கட்டும். மூணு வருஷமா நம்பர் மாறி மாறி வரும். நெட்டு வழியா கூப்பிடறேன்பாரு. அங்க வெயில் தாங்கலைம்பாரு. நான் இங்க உட்காந்துக்கிட்டு, ஐயோ வெயில்ல காயறாரேன்னு சோறு இறங்காம கிடப்பேன். எல்லாம் இந்த ஊர் வெயிலா?

— ஃபேனை உங்க பக்கம் திருப்பறேன், இருங்க.

— வெளிநாட்டுக்கு அனுப்பறேன்னு காசு வாங்குன ஏஜெண்ட் ஏமாத்தியிருப்பான் அண்ணே. அதான் நடந்திருக்கும். பாதி வழியில விட்டுட்டு ஓடியிருப்பான். தெருவே வந்து வழியனுப்புச்சு அவரை. எங்க மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திரும்பி வருவாரு? ரோஷக்காரரு. எங்கயோ மூட்டை தூக்கி மாசாமாசம் பணம் அனுப்பிட்டு இருந்திருக்காரு.

— நீங்க கொஞ்சம் நிதானமா யோசிங்க.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? எனக்குக் கோவமே வரலை பாருங்க, வரணும்தானே? வரலையே. உசுரோட, கிட்டத்துல, நடந்து போற தூரத்துல இருக்காரு. இதைவிட என்ன வேணும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய் இழுத்துட்டு வந்திருப்பேன். ஆளு எப்படி இருந்தாரு? இளைச்சிருந்தாரா?

— நல்லா இருந்தாரு.

— தாடி வெச்சிருக்காரா? சட்டையாவது நல்லதா போட்டிருந்தாரா?

— நல்லா இஸ்திரி போட்ட சட்டை.

— பாருங்க, அந்தப் பழக்கம் மட்டும் போகலை அவருக்கு. எங்க தங்கியிருக்கேன்னு சொன்னாரா? உங்களுக்குத் தெரியும், மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. மறைக்காதீங்கண்ணே, உங்க காலுல வேணா விழறேன்.

— எந்திரிங்கம்மா, என்ன இது! தண்ணி டேங்குக்குப் பின்னாடி மாடி வீடு. மஞ்சள் கேட்டு. சார்ஜரை விட்டுட்டுப் போயிட்டாரு, நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன்.

— தண்ணி டேங்கா? நான் தைச்ச துணியைத் தூக்கிட்டு அந்த வழியாத்தானே போவேன்! என்னைப் பாத்துட்டு ஜன்னலை மூடிக்கிட்டு உள்ள தவிச்சிருப்பாரு மனுசன். போதும்ணே. சாஃப்ட்வேரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், மூடியைப் போடுங்க. ஸ்கூல் விடற நேரமாச்சு. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நேரா போய் கதவைத் தட்டறேன். அவரு திறக்கட்டும், அவ மூஞ்சியைப் பாக்கட்டும். அப்புறம் எப்படி வராம இருப்பாருன்னு பாத்துடறேன்.

— பாப்பாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

— ஏன்? அவளுக்காகத்தானே இவ்வளவும்! அவ வந்தாத்தான் அவரு இறங்குவாரு.

— கேளுங்கம்மா. அன்னைக்கு அவரு ரெண்டு டேப் வாங்கிட்டு வந்தாரு. ஒண்ணுலதான் அந்த ஊர் சாஃப்ட்வேரை ஏத்தச் சொன்னாரு. இன்னொண்ணு அவரு மடியில இருந்த குழந்தை கையில இருந்துச்சு. அதுக்கும் ஏத்தட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், இது எங்க வீட்டுக்குன்னாரு.