மாப்பிள்ளை கழுத்துக்கு

— பிரிச்சிருங்க அண்ணாச்சி.

— மறுபடியுமா தங்கச்சி? காலையில பிடிச்சு உக்காந்து போட்டது. முதுகே விட்டுப் போச்சு.

— வளையமா மாட்டும்போது நூல் சங்கிலி முறுக்கிக்கிட்டு. தூக்கிப் பாருங்க, எட்டு மாதிரி நிக்குதுல்லா. இதுக்கு மேல எத்தன சுத்துப் போட்டாலும் கழுத்துல ஒழுங்கா உக்காராது.

— பட்டாளத்துல இருந்தப்ப துப்பாக்கியக் கண்ண மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவேன். இந்த மப்ளர் பின்னுற கொக்கி ஊசி எனக்கு அடங்க மாட்டேங்குது.

— துப்பாக்கிய இறுக்கிப் பிடிப்பீக. இத அப்படிப் பிடிச்சா கண்ணி வழி விடாது. கைய தளத்துங்க. நூலு ஒண்ணும் கெட்டுப் போவாது, இழுங்க, வந்துரும்.

— இம்புட்டு லேசா வந்துருது. எல்லாத்தையும் இப்படி உருவிப் போட்டுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்க முடிஞ்சா எம்புட்டு நல்லாருக்கும்.

— டீ ஆறிப் போச்சு. சூடு பண்ணித் தாரேன்.

— வேண்டாம் தங்கச்சி. வத்திராயிருப்பு பஸ்சுக்குள்ள ரெண்டு சுத்தாவது போட்டுரணும். பொங்கல் நெருங்கிருச்சு.

— அப்ப சங்கிலியப் போடுங்க. நான் பிளவுஸுக்கு கொக்கி தச்சுக்கிட்டே பாத்துக்கிடுதேன். ஒண்ணு விட்டு ஒண்ணு எடுக்காதீக, ஓட்ட விழும்.

— எங்க ஊரு மகாராஜபுரத்துல எம் மச்சினன் நேத்து வீட்டுக்கு வந்து எட்டிப் பாத்துட்டுச் சிரிக்கான். மீசைய முறுக்கிக்கிட்டு அலைஞ்ச ஆவுடையப்பன் உல்லன் நூலோட உக்காந்திருக்காருன்னு. நம்ம ஊர்ல எவன் கழுத்துக்குக் கம்பளின்னு கேக்கான்.

— நீங்க என்ன சொன்னீக?

— ஒண்ணும் சொல்லல. ஜெர்மனியில இருக்க மாப்பிள்ளைக்குன்னு சொன்னா, எந்த மாப்பிள்ளைன்னு கேப்பான். நாலு வருசமா எனக்கு மகளே இல்லைன்னு சொன்னவன் நான்தான.

— கடையில நல்லது கிடைக்குமே. வாங்கி அனுப்பிட்டா வேல முடிஞ்சது.

— வாங்கலாம். மாலை வாங்கிப் போட வேண்டிய அன்னைக்கு வாங்கிப் போடல. இப்பப் போயி காசக் கொடுத்து வாங்குனா என் மனசு ஆறாது தங்கச்சி. அதான் எங்க வீட்டுக்காரி முத்துப்பேச்சி சொன்னா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு தையக்கார அம்மா இருக்காக, போயி கத்துக்கோங்கன்னு.

— அவிய அடிக்கடி வருவாவ. நல்ல மனசு.

— எங்கிட்டக் குப்பை கொட்டுறவளுக்கு நல்ல மனசு இல்லாம எப்படி. அவ போன்லதான் அந்தப் போட்டோவப் பாத்தேன். கரண்டு பில்லு கட்டித் தரச் சொல்லிக் கொடுத்தா. தெறந்தா, பனிக்குள்ள ரெண்டு பேரும் நிக்காக.

— எங்கிட்டயும் காட்டுனீகளே.

— நீங்க என்னத்தப் பாத்தீகளோ, நான் கழுத்தப் பாத்தேன். எம் மக ரஞ்சனி கழுத்துல ஆம்பள மப்ளர் சுத்திக் கெடக்கு. அந்தப் பையன் சட்டைக் காலர மேல இழுத்து விட்டுட்டு நிக்கான். தன்னோடத கழட்டி அவளுக்குப் போட்டிருக்கான். லடாக்குல கெடந்தவன் நான். அந்தக் குளிர்ல எவனும் கழுத்துல கெடக்கத கழட்டிக் கொடுக்க மாட்டான் தங்கச்சி.

— பெத்தவிய வளத்த வளப்பு அப்படி இருந்திருக்கும்.

— இருந்திருக்கும். செத்த பாருங்க, இப்ப முறுக்கு இல்லையே?

— இல்ல. ஆனா சின்னதாப் போச்சு. என்ன அளவு வச்சீக?

— எங் கழுத்த அளந்து வச்சேன்.

— கழுத்து அளவு வச்சா தலைக்குள்ள நுழையாது. தலைய அளந்துதான் போடணும். இன்னும் நாலு விரல்கட கூட்டுங்க. அவனுக்குத் தலை கொஞ்சம் பெருசு.

— போட்டோவுல பாத்தே சொல்லுதீகளா?

— தையக்காரி கண்ணு அண்ணாச்சி. கல்யாணம் எங்க வச்சு நடந்துச்சு?

— ரெஜிஸ்டர் ஆபீசுல. ரஞ்சனிக்கு அண்ணன் தம்பி கெடையாது. மாப்பிள்ளைக்கு மாலை போட மச்சினனும் இல்ல, மாமனாரும் போகல. யாரோ கூடப் படிச்ச பையன் போட்டானாம். முத்துப்பேச்சி அழுதுக்கிட்டே சொன்னா. அன்னைக்குத்தான் வீட்டுல மக பேரையோ அவன் குடும்பத்துப் பேச்சையோ எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டேன். முத்துப்பேச்சி இன்னைக்கு வரைக்கும் எடுக்கல. பாவி மக, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டா.

— அவிய வீட்டுல இருந்து யாரும் வந்து பேசலையா?

— வந்தாக. அதத்தான் கேக்காதீக.

— கேக்கல. நூல விரல்ல சுத்துங்க, நழுவுது.

— சித்திரை வெயில். நடுமத்தியானம். அவன் அப்பனும் ஆத்தாளும் தாம்பாளத்தோட வந்து கேட்டுக்கு வெளிய நின்னாக. நம்ம ஆளுக இல்ல, நம்ம வாசல்ல எப்படி வந்து நிக்கலாம்னு எனக்கு வெறி. நான் கதவத் தெறக்கல, அவுக முகத்தக் கூடப் பாக்கல. டிவியச் சத்தமா வச்சேன்.

— ம்.

— அதோட விட்டனா. பின்வாசல் வழியாப் போயி நாய் சங்கிலிய நீளமா அவுத்துக் கட்டுனேன். கேட்டு வரைக்கும் போயிக் கொரைக்கட்டும்னு. ராஜபாளையத்து நாய் தங்கச்சி, இடுப்பு உசரம்.

— கடிச்சிருச்சோ?

— எட்டல. அவுக நகரவும் இல்ல. ரொம்ப நேரம் நின்னாக. கடைசியா அந்த மனுசன் கொரலு மட்டும் கேட்டுச்சு. ஏசுவாரு, மண்ண வாரித் தூத்துவாருன்னு நெனச்சேன். ‘அய்யா, நாயி நாக்கத் தள்ளிக்கிட்டு நிக்கி, கொஞ்சம் தண்ணி வையுங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு. அம்புட்டுத்தான். ஏசியிருந்தா நான் மறந்திருப்பேன்.

— காத்தாடியக் கூட்டி வைக்கேன். வேர்த்து ஊத்துது உங்களுக்கு.

— வேண்டாம், எனக்குப் பின்னால சுவத்துல போட்டோ மாலை ஆடி ஆடி விழுந்துரும். வரும்போதெல்லாம் பாக்கேன், கேக்கணும்னு. உங்க வீட்டுக்காரரா?

— ஆமா.

— எப்பத் தவறுனாக?

— ரெண்டு வருசம் ஆவுது. வேலைக்குக் கெளம்பி சட்டைய மாட்டிக்கிட்டு இருந்தாவ. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாவ. பொறவு எந்திரிக்கல.

— நல்ல முகம். பையன் இருக்கானா?

— ஒருத்தன். வெளியூர்ல இருக்கான். நீங்க போடுங்க. இந்தச் சுத்து நல்லா வருது.

— வருதுல்ல? முறுக்கு இல்ல, ஓட்ட இல்ல. கை பழகிருச்சு.

— முடிச்சிட்டு என்ன செய்யப் போறீக? பார்சல்ல போடவா?

— நேரா அனுப்ப மனசு வரல. பொண்ணக் கட்டிக் கொடுத்தவன் பொங்கப்படிய மாப்பிள்ளையப் பெத்தவுக வீட்டுலதான கொண்டு போயி வைக்கணும்? கரும்பு, மஞ்சக்கொல, பச்சரிசி, அதுக்கு மேல இது. ராஜபாளையம் போகப் போறேன். அங்க ஒரு மில்லுல அவரு வேலைன்னு கேள்வி. விசாரிச்சா வீட்டக் காட்டிருவாக.

— போயி?

— அந்த மனுசன் கையில கொடுத்து, மாப்பிள்ளை வரும்போது நீங்களே போட்டு விடுங்கன்னு சொல்லணும். எனக்கு அந்தக் கழுத்துல போட அருகதை இல்ல. அப்புறம் இன்னொண்ணும் சொல்லணும். அதத்தான் நாலு வருசமா நெஞ்சுக்குள்ள வச்சிருக்கேன்.

— என்னது?

— நாய்க்குத் தண்ணி வச்சேன்னு.

— வச்சீகளா?

— வச்சேன் தங்கச்சி. அவுக தெரு முக்கு திரும்புற வரைக்கும் ஜன்னலோரம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முதுகுதான் தெரிஞ்சது. அந்தம்மாவுக்கு மஞ்சச் சேலை. தாம்பாளத்த அவரு வாங்கிக்கிட்டாரு. கூப்பிட்டுரலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கூப்பிடல. போனதுக்கப்புறம் கதவத் தெறந்து தண்ணிய வச்சேன். அது குடிச்ச குடி இன்னும் கண்ணுல நிக்கி. நாயும் செத்துப் போச்சு.

— மஞ்ச இல்ல அண்ணாச்சி. மாம்பழக் கலரு. அரக்கு பார்டர்.

— என்ன சொல்றீக?

— சம்பந்தம் பேசப் போறோம்னு அவிய எடுத்துக் கொடுத்த சேலை. பொறவு நான் அத உடுத்தவே இல்ல.

— தங்கச்சி…

— நீங்க ராஜபாளையம் போவேண்டாம். அவிய போன பொறவு நான் எங்க அம்மா ஊரோட வந்துட்டேன். மொத நாள் நீங்க வந்து நிக்கும்போது கதவச் சாத்திரணும்னுதான் எனக்குக் கை போச்சு. உங்களுக்குத் தெரியாம பின்னால நின்னு முத்துப்பேச்சி மதினி கையெடுத்துக் கும்பிட்டாவ, அதான் தெறந்தேன். பொங்கப்படி வைக்க வேண்டிய வீட்டுலதான் இத்தன நாளா உக்காந்திருக்கீக.

— அப்ப மாப்பிள்ளை மாரிசெல்வத்தோட அப்பா…

— ஊசியக் கீழ வச்சிட்டு செத்த திரும்புங்க சம்பந்தி. உங்க முதுகுக்குப் பின்னாலதான் இருக்காவ. நாய்க்குத் தண்ணி வச்சேன்னு அவியகிட்டயே சொல்லுங்க.