பதினாறு ஸ்பூன்

அண்ணி: சிரிக்காத! முன் ரூம்ல பல் கம்பெனியிலேர்ந்து வந்த பல்காரர் உட்கார்ந்திருக்காரு.

நாத்தனார்: முடியல அண்ணி... பவுடர் கேட்டா பசை குடுக்குதே இந்தப் பாத்திரம்!

அண்ணி: ரெண்டாவது தடவைடி! ஒத்திகையே இந்த லட்சணம். செவ்வாய்க்கிழமை எப்படி வந்துச்சு? குபுகுபுன்னு பொங்கி, தானா பத்திக்கிட்டு...

நாத்தனார்: உங்க புருவம் பாதி போச்சே!

அண்ணி: உங்கண்ணன் இன்னும் கவனிக்கல.

நாத்தனார்: தலையே போனாலும் கவனிக்க மாட்டான்.

அண்ணி: மூச்சு விட்டா பறக்குற மாதிரி எவ்வளவு நைசு! அதைப் பாத்துட்டுத்தானே, 'என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க, செயற்கைப் பல்லுக்கு வேண்டிய பவுடர் முழுக்க உங்ககிட்டயே வாங்கறோம்'னு வந்திருக்காரு? இன்னைக்குச் சொதப்பினா நம்ம லேபுக்குப் பூட்டுதான்.

நாத்தனார்: நோட்டுல இருக்கிறபடிதானே செஞ்சோம்? சிர்கோனியம் உப்பு, தண்ணி, தீப்பிடிக்கத் தீனியா நேத்து வந்த புது பாட்டில்லேர்ந்து கிளைசின் எட்டு ஸ்பூன்...

அண்ணி: ஆமா... எட்டு... நீதானே எழுதின?

நாத்தனார்: நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?

பல்காரர்: அம்மா... டீ கலக்க ஒரு ஸ்பூன் கிடைக்குமா?

அண்ணி: சர்க்கரையே போடல, எதுக்கு சார் ஸ்பூன்? பல்லுக்கு எதிரியே சர்க்கரைதான்னு வந்ததும் வராததுமா அரைமணி நேரம் பாடம் எடுத்தீங்களே?

பல்காரர்: அது... ஆமா, ஆமா. சும்மா கேட்டேன்.

அண்ணி: இன்னும் பத்தே நிமிஷம், கூப்பிடுறோம் சார்! ...நல்லவேளை, சர்க்கரை கேக்கல. டப்பா காலி.

நாத்தனார்: நீங்கதான் டீக்குச் சர்க்கரையே போட்டுக்க மாட்டீங்களே... டப்பாவை எதுக்குத் திறந்தீங்க?

அண்ணி: நீ எதுக்கு இப்படி முழிக்கிற?

நாத்தனார்: நானா? நான் எங்க...

அண்ணி: சொல்லுடி.

நாத்தனார்: திட்ட மாட்டீங்களே? ...செவ்வாய்க்கிழமை நீங்க போன் பேசப் போனீங்கல்ல, கிளைசின் பாட்டில்ல ஒண்ணுமே இல்ல. ஆர்டர் போட மறந்துட்டேன்னு பயந்து, டீ சர்க்கரையை எடுத்து... பத்து ஸ்பூன்...

அண்ணி: அடிப்பாவி! பத்தா?

நாத்தனார்: சாரி அண்ணி...

அண்ணி: நீ மறக்கலடி. பாட்டிலைக் கவுத்ததே நான்தான். பெருக்கித் தள்ளிட்டு, ஆறு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுட்டுத்தான் போன் பேசவே போனேன்.

நாத்தனார்: நீங்களா! 'நோட்டுல பொய் எழுதினா கையை ஒடிப்பேன்'னு சொன்ன நீங்களா!

அண்ணி: மெதுவா கத்து! பத்தும் ஆறும்... பதினாறு! அதான் அந்தப் பொங்கு பொங்கிச்சு!

நாத்தனார்: இப்ப சர்க்கரைக்கு எங்க போறது? கடைக்கு ஓடணும்னாலும் அவரைத் தாண்டித்தானே ஓடணும்?

பல்காரர்: என்கிட்ட சர்க்கரைப் பாக்கெட் இருக்கு, ஆனா சின்னதும்மா. ரெண்டைப் பிரிச்சாத்தான் ஒரு ஸ்பூன் தேறும்.

அண்ணி: சார்! நீங்க எப்ப உள்ள...

பல்காரர்: 'அடிப்பாவி'க்கே வந்துட்டேன். இந்தாங்க, இந்தப் பையில இருபது இருக்கும்... இதுல ஒரு பத்து...

நாத்தனார்: அண்ணி, சாக்ஸ்லேர்ந்தும் எடுக்கறாரு!

அண்ணி: வாயை மூடிட்டு, புதுசா கரைச்ச உப்புல கொட்டிக் கிளறு. கெட்டியாகுது... பொங்குது... சார், தள்ளி நில்லுங்க!

நாத்தனார்: ஐயோ, இன்னொரு புருவம்!

அண்ணி: போனா போகுது! பாருடி... பத்திக்கிச்சு! பத்திக்கிச்சுடி!

பல்காரர்: அடேங்கப்பா! மேகம் மாதிரி... கொஞ்சம் சாம்பலா இருக்கே?

அண்ணி: உலையில ஒரு தடவை சுட்டா வெளுத்துடும் சார். பக்கத்துல வராதீங்க, தும்மல்...

பல்காரர்: ஹா... ஹாச்!

நாத்தனார்: போச்சு! கால்வாசி சார் மீசையில.

பல்காரர்: இருக்கட்டும்மா. இவ்வளவு நைசா நான் பாத்ததே இல்ல. ஆர்டர் உங்களுக்குத்தான்! நோட்டை எடுங்க, நடந்ததை நடந்தபடி எழுதுங்க.

அண்ணி: இனிமே பொய்யே கிடையாது சார். 'சர்க்கரை, பதினாறு ஸ்பூன். கொடுத்து உதவியவர்...'

பல்காரர்: அங்க நிறுத்துங்கம்மா! அந்த நோட்டைப் படிக்கப்போற எங்க முதலாளியே என் வீட்டுக்காரிதான்... நான் சர்க்கரையை விட்டு மூணு வருஷமாச்சுன்னு நம்பிட்டிருக்கா!