ஸ்டீயரிங் விளக்கு

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துக் கார்களில் ஏதாவதொரு எச்சரிக்கை விளக்கு எரியத்தான் செய்யும், ஐயா. உப்புக்காற்றோடு ஈரமும் சேர்ந்தால் வயர் இணைப்புகளில் பச்சை பிடித்துவிடும். களுவாஞ்சிக்குடியில் என் கராஜுக்கு அந்த மாதங்களில் ஓய்வே இருக்காது.

நான் ஸ்பானர் பிடிக்கிற ஆள் இல்லை. ஸ்கேனர் பிடிக்கிறவன். இப்போதைய காருக்குள் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று என்று பல இருக்கின்றன. அவை தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துவாரத்தில் ஸ்கேனரைச் செருகினால் அது ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிட்டுக் கேட்கும். பழைய கார்கள் வேறு வேறு பாஷை பேசும். எது பொருந்துகிறது என்று ஸ்கேனரே ஒவ்வொன்றாகப் பேசிப் பார்க்கும். ஒருமுறை பதில் வந்துவிட்டால் பிறகு மழுப்பல் கிடையாது. பழுது இருந்தால் அதற்குரிய இலக்கம், நாங்கள் கோட் என்போம், திரையில் வரும். எனக்கு அது பிடிக்கும்.

என் மனைவி விதுர்ஷா அப்படியல்ல. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. காரில் பாலத்தைக் கடந்து போய் வருவாள். போன வருடத்திலிருந்து பிந்தி வரத் தொடங்கினாள்.

"ஏன் சுணங்கின?"

"மீட்டிங்."

அவ்வளவுதான் பதில். முகத்தைப் பார்க்கமாட்டாள். நேரே குசினிக்குள் போய்விடுவாள்.

தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. அதே துவாரத்தில் செருகிவிட்டால் கார் எங்கே நிற்கிறது, என்ன வேகம், எஞ்சின் ஓடுகிறதா என்று போனுக்கு அனுப்பும். அதை அவள் காரில் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. காரைக் கவனித்துக்கொள்ளத்தான் போட்டேன்.

அலுவலகம் விட்டதும் கார் வீட்டுக்கு வரவில்லை. பாலத்துக்கு முன்பே திரும்பி வாவிக்கரையில் போய் நின்றது. எஞ்சின் ஓடியது, ஏசியும் ஓடியது. அசைவில்லை. மறுநாளும் அப்படியே. அவளுடைய அலுவலகத்தில் யோகராசா என்று ஒருவர் இருந்தார். நன்றாகச் சிரித்துப் பேசுவார். மிச்சத்தை நான் யோசித்துக்கொண்டேன். எந்தப் புருசனும் யோசிப்பான்.

மாரியில்தான் அவள் ஒரு காலை வந்து சொன்னாள்.

"இஞ்சருங்க, வளைவில கிறுக்கித் திருப்பேக்க ஸ்டீயரிங் திடீரெண்டு இறுகுது. மறுகா சரியாகுது. மஞ்சள் விளக்கு ஒண்டும் எரிஞ்சது."

அவள் கண்ணில் படாமல் அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைச் செருகினேன். ஸ்டீயரிங் பெட்டி உடனே பதில் சொன்னது. கைத் திருப்பலை அளக்கும் சென்சர் விட்டு விட்டு வேலை செய்கிறது. அடுத்த தடவை வளைவின் பாதியிலேயே இறுகலாம். அதற்கு முந்திய கிழமைதான் அதே பழுதோடு ஏறாவூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருடைய காரை வெளியே விடாமல் நிறுத்திவைத்து, அவரை பஸ்ஸில் அனுப்பினேன். அந்த விசயத்தில் நான் கவனமான ஆள்.

விதுர்ஷாவின் காரில் அந்தப் பழுதுக் கோட்டை மட்டும் ஸ்கேனரால் அழித்தேன். விளக்கு அணைந்தது.

"ஒண்டுமில்ல. ஈரம்தான்."

"அப்ப ஓடலாமா?"

"ஓம். பயப்படாமப் போ."

பழுது அப்படியே இருந்தபடியால் கோட் திரும்பத் திரும்ப வந்தது. காலையில் அவள் சோறு கட்டும்போது நான் காருக்குள் இருந்து அதை அழித்துவிடுவேன். தினமும் செய்தேன். ஒருநாள் அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பாக்கிறதாலதான் எனக்குப் பயமில்ல."

நான் ஒரு வயரைக்கூட வெட்டவில்லை, ஐயா. ஒரு ஆணியைக்கூடத் தளர்த்தவில்லை. பழுது காரில் இருந்தது, மழை றோட்டில் இருந்தது. வாவிப்பக்கம் வளைந்து போகும் அந்தப் பாதையில் போகச் சொன்னதும் நானில்லை.

அன்றைக்கு ஒரு வேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் அவள் காரின் வேகம் ஒரேயடியாகப் பூச்சியத்துக்கு விழுந்தது. பிறகு தொடர்பு இல்லை என்று வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். வேனை அரைகுறையாக விட முடியாது. அதை முடித்துக் கொடுத்துவிட்டுக் கை கழுவினேன். அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஓடிவந்து கார் வாவிக்குள் கிடக்கிறது என்று சொன்னார்கள். நானும் ஓடினேன்.

காரைச் சோதிக்க ஓட்டமாவடியிலிருந்து நீங்கள் கூட்டிவந்த மெக்கானிக் மின்ஹாஜ் நல்ல வேலைக்காரன். சேறு பிடித்த அந்தக் கருவியை அவன் கழற்றி உங்கள் கையில் தந்தபோதே நான் அகப்பட்டுவிட்டேன் என்று எனக்கு விளங்கிவிட்டது.

செத்தவீட்டுக்கு அவளோடு வேலை செய்த கேதீஸ்வரி வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வீட்ட வர மனமில்லாம அந்தக் கரையில காருக்குள்ளயே இருப்பாள், அண்ணன். தனியத்தான் இருப்பாள். நான் கேட்டா, கொஞ்சநேரம் மூச்சு விட்டுட்டுப் போறன் எண்டுவாள்."

யோகராசாவில் சந்தேகப்பட்டுத்தான் செய்தேன் என்று காலையில் சொன்னேன். நீங்களும் வாக்குமூலத்தில் எழுதிவிட்டீர்கள். அதைத் திருத்த வேண்டும்.

ஓட்டுபவருக்குப் பக்கத்து சீற்றில் ஆள் இருந்தால் அதைச் சொல்லவும் காரில் ஒரு பெட்டி உண்டு. அதன் பதிலும் என் போனுக்கு வரும்படிதான் அமைத்திருந்தேன். கோட்டை அழிக்கத் தொடங்குமுன்பும் பிறகும் எல்லா நாளும் பார்த்தேன். அந்த சீற்றில் ஒருநாளும் யாரும் இருக்கவில்லை.