லயனல் தார்ன்பி அன்று குடித்திருக்கவில்லை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சர் ஹ்யூபர்ட் ஓக்லி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நடிகப் பெருமக்களே, இந்த மழையிலும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கும் ஹல் நகரத்து ரசிகர்களே, பக்கத் திரைக்குப் பின்னால் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் விளக்குக்காரர்களே, கயிறு இழுப்பவர்களே, முதல் வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் ஹெஸ்டர் அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் மேவிஸ் கோலட். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் என் வேலை. இந்த மெரிடியன் அரங்கத்தில் இடப்பக்கத் திரை மறைவில், முக்காலியில், நாடகப் பிரதியை மடியில் விரித்துக்கொண்டு முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நடிகருக்கு வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பவள் நான்.

மறைந்த பெருங்கலைஞர் லயனல் தார்ன்பி அவர்களை எனக்கு முன் பேசியவர்கள் வானளாவப் புகழ்ந்தார்கள். புகழட்டும்! நாற்பத்தாறு வருடம் மேடை, இருபத்தெட்டுத் திரைப்படங்கள். போர்க் காலத்தில் குண்டு விழுந்து கூரை போன கொட்டகையில், பனிக்கு நடுவே பட்டுச் சட்டையோடு நடித்த மனிதர். யாருக்கு உண்டு அந்தக் குரல்? அதைவிட, யாருக்கு உண்டு அந்த மௌனம்? பாதி வசனத்தில் பேச்சை நிறுத்திவிட்டு ஆயிரம் பேரையும் மூச்சடக்கி உட்கார வைப்பாரே! அந்த மௌனத்துக்காகவே லண்டனிலிருந்து ரயிலேறி வந்தார்கள்.

ஆனால் புகழ்ந்த ஒவ்வொருவரும் கடைசியில் ஒன்றைச் சேர்த்தார்கள். "பாவம், அவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது." ஒருவர் கையைக் கோப்பை பிடிப்பதுபோலத் தூக்கியே காட்டினார். நீங்கள் சிரித்தீர்கள். அன்பாகத்தான் சிரித்தீர்கள். ஹெஸ்டர் சிரிக்கவில்லை. ஹெஸ்டர் அவருடைய ஒரே மகள்.

கூட்டம் தொடங்குமுன் தலைவர் அவர்கள் என் காதில் சொன்னார்: "மேவிஸ், அந்தப் புதன்கிழமை விஷயத்தை மட்டும் கிளறாதீங்க. நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு எறங்கிடுங்க." மன்னிக்க வேண்டும், ஐயா. அதைத்தான் கிளறப்போகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், நவம்பர் மாதம், புதன்கிழமை பகல் காட்சி. மூன்றாவது அங்கம். கிழக் கப்பல் முதலாளியாக நடிக்கும் தார்ன்பி தன் குடும்பத்தாரிடம் கப்பல் மூழ்கிய செய்தியைச் சொல்ல வேண்டும். "கடிதம் வந்திருக்கிறது" என்பார். பிறகு மௌனம். நான் மனத்துக்குள் ஒன்பது எண்ணுவதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். நாற்பது காட்சிகளிலும் அதே ஒன்பதுதான்.

அதற்குப் பல வருடம் முன்பு, எனக்குக் காய்ச்சல் என்று வேறொருத்தி முக்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய மௌனத்தை மறதி என்று நினைத்து வசனத்தை எடுத்துக்கொடுத்துவிட்டாள். அரங்கமே சிரித்தது. மறுநாள் அவர் என்னிடம் வந்தார்.

"மேவிஸ், நான் காலரைத் தொட்டாத்தான் நீ வாயைத் தொறக்கணும். கூரையே இடிஞ்சு விழுந்தாலும் சரி."

"கூரை இடிஞ்சா நான் ஓடிருவேன் சார்."

"ஓடு. சத்தம் போடாம ஓடு."

அன்றிலிருந்து அதுதான் எங்களுக்குள் சட்டம்.

அந்தப் புதன்கிழமை நான் எண்ணினேன். ஒன்பது. பதினைந்து. இருபது. கை காலருக்குப் போகவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பயப்படவில்லை. சந்தோஷப்பட்டேன்! 'கிழவர் இன்றைக்குப் புதிதாக ஏதோ செய்கிறார்' என்று பூரித்துப்போனேன். முப்பதில் அவர் என் பக்கம் திரும்பினார். தெரியாத ஊரில் ரயிலைவிட்டு இறங்கியவர் பார்ப்பதுபோல் பார்த்தார். அவருக்கு வசனம் மட்டுமா மறந்தது? காலரைத் தொட வேண்டும் என்பதே மறந்துவிட்டது! என் மடியில் பிரதி இருக்கிறது, விரல் அந்த வரியின்மேல் இருக்கிறது. ஆனாலும் நான் காத்திருந்தேன். சட்டம் அல்லவா?

ஐம்பதில் மேல் மாடியிலிருந்து ஒரு குரல். "கிழவனுக்கு யாருப்பா ஊத்திக் குடுத்தது?" வெடித்த சிரிப்பில் நான் பதறிப்போய் வசனத்தைக் கத்தினேன். அவர் திடுக்கிட்டு என் குரல் வந்த பக்கம் நடந்தார். கம்பளத்தில் கால் மாட்டிக் குப்புற விழுந்தார். திரை இறங்கியது. மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது: குடிபோதையில் தார்ன்பி.

பத்திரிகை வந்த அந்தக் காலையே ஒப்பனை அறையில் அவர் என்னிடம் உண்மையைச் சொன்னார். லண்டன் மருத்துவர் கோடையிலேயே சொல்லிவிட்டாராம், நினைவு போய்க்கொண்டிருக்கிறது, திரும்பாது என்று. நான் அழுதேன். "பேப்பர்காரங்ககிட்ட இதைச் சொல்லிடுங்க சார்" என்றேன்.

"உனக்குப் பைத்தியமா? குடிகாரன்னா வேலை குடுப்பாங்க மேவிஸ். நம்ம தொழில்ல பாதிப் பேரு அதுதானே! மறதிக்காரன்னு தெரிஞ்சா படத்துக்கு இன்ஷூரன்ஸ் குடுக்கறவன் என் பேரையே அடிச்சிருவான். வசந்தத்துல படம் இருக்கு. என் கடைசிப் படம். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

செய்தேன். செய்து வாய் மூடவில்லை, கதவு திறந்தது. கையில் பத்திரிகையோடு ஹெஸ்டர்.

அவையோரே, இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அவர் குடித்தவர்தான். பேத்தி பிறந்த அன்று ஹெஸ்டர் சொன்னாராம்: "குழந்தையைத் தூக்கணும்னா கிளாஸைக் கீழ வைங்கப்பா. மறுபடி எடுத்தா எங்க ரெண்டு பேரையும் மறந்துருங்க." அவர் வைத்தார். ஒன்பது வருடம் தேநீர்தான், வெறும் தேநீர்தான்.

ஹெஸ்டர் கேட்டார்: "குடிச்சீங்களாப்பா?"

அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, "ஆமா" என்றார்.

ஹெஸ்டர் நம்பவில்லை. என்னிடம் திரும்பினார். "மிஸ் கோலட், நீங்க பக்கத்துல இருந்தவங்க. நீங்க சொன்னா நம்புவேன். குடிச்சிருந்தாரா?"

நான் சொன்னேன்: "வாசனை வந்துச்சும்மா." பத்திரிகையை மேசைமேல் போட்டுவிட்டுப் போன ஹெஸ்டர், அதன்பிறகு அப்பாவைப் பார்க்க வரவே இல்லை.

தலைவர் அவர்கள் மணியில் கைவைப்பது தெரிகிறது. அடித்தாலும் நான் நிறுத்தப்போவதில்லை, ஐயா.

"அவளுக்காவது சொல்லியிருக்கலாமே சார்!" என்று பிறகு சண்டை போட்டேன். "அவ நர்ஸு. தெரிஞ்சா மறுநாளே என்னைக் கட்டில்ல படுக்க வெச்சுருவா. கோபமா இருக்கட்டும். படம் முடிஞ்சதும் நானே போய் சொல்லிக்கிறேன்" என்றார்.

படம் எடுத்தார்கள். அவர் குடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போட்டார்கள்! தினமும் காலையில் அவருடைய கோப்பையை மோந்து பார்ப்பான். "அருமை சார், இன்னிக்கும் தேநீர்தான்!" என்பான். அந்தக் கோப்பைக்கு அடியில், தொப்பிக்குள்ளே, மேசை விரிப்பில் எல்லாம் வசனத்தை நான் எழுதி ஒட்டியிருந்தேன். அவன் கண்ணில் ஒன்றும் படவில்லை. அந்தப் படத்துக்குத்தான் நீங்கள் எழுந்து நின்று கை தட்டினீர்கள்.

படம் முடிந்தது. 'நானே போய் சொல்லிக்கிறேன்' என்றாரே, அதையும் மறந்துவிட்டார். கடைசி ஏழு மாதம் என் வீட்டு மாடியறையில் இருந்தார். தினமும் கேட்பார்: "ஹெஸ்டர் ஏன் வரல?" "ஆஸ்பத்திரியில வேலை ஜாஸ்தி சார்" என்பேன். "அப்ப நாளைக்கு வருவா" என்று சமாதானமாகிவிடுவார். என்னிடம் சத்தியம் வாங்கியது அவருக்கு நினைவில்லை. நான் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். தொலைபேசி மாடிப்படிக்குக் கீழேயே இருந்தது. ஒரே ஒரு முறை எடுத்திருந்தால் போதும். எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேனாம்! எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

ஆகவே, இந்த அரங்கத்தின் பேரால் ஓர் உறுதி சொல்கிறேன். நிர்வாகம் சம்மதித்தால் சம்மதத்தோடு, இல்லாவிட்டால் என்னை வேலையைவிட்டு நீக்கிக்கொள்ளலாம். ஜனவரி நாடகத்தில் என் முக்காலி மறைவில் இருக்காது. மேடைமேல், வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க இருக்கும். நடிகர் கேட்டால் கொடுப்பேன். கேட்கத் தெரியாமல் நின்றாலும் கொடுப்பேன். வசனம் மறந்த ஒருவரைக் குடிகாரர் என்று சொல்லித் தப்பிக்க வைக்க வேண்டிய நிலை இங்கே இனி யாருக்கும் வராது.

ஹெஸ்டர், உங்கள் அப்பா குடிக்கவில்லை. அன்றைக்கும் குடிக்கவில்லை, சாகும்வரை ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. உங்கள் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் வராததற்கு நீங்கள் காரணமில்லை, அவரும்கூட முழுக் காரணமில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவள் நான்.

ஹெஸ்டர் எழுந்துவிட்டார். இந்தப் பக்கம்தான் வருகிறார். தடுக்காதீர்கள், தலைவர் அவர்களே, படிக்கட்டில் வழிவிடுங்கள். அவர் என்ன சொல்ல வந்தாலும், என்ன செய்ய வந்தாலும், உங்கள் எல்லோர் முன்னாலும் நடக்கட்டும். நான் பேசி முடித்துவிட்டேன். இங்கேயே நிற்கிறேன்.